பெஞ்சில் உட்கார ஒரு ஆள் வேண்டும்!

செங்கல்பட்டிலிருந்து பீச் போகிற காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் மூன்றாவது பெட்டியில் ஏறிப் பாருங்கள். இந்தியாவின் மிகப் பெரிய தேர்வுக் குழு அங்கேதான் தினமும் கூடுகிறது. பரனூர் தாண்டுவதற்குள் இரண்டு பேரை டீமிலிருந்து தூக்கியிருப்பார்கள். சிங்கப்பெருமாள்கோவிலில் கேப்டன் மாறியிருப்பார். கூடுவாஞ்சேரி வருவதற்குள் கோச்சுக்குச் சீட்டுக் கிழிந்திருக்கும். தாம்பரத்தில் கூட்டம் ஏறி மூச்சு முட்டும்போதுதான் குழு தற்காலிகமாகக் கலையும்.

பெரும்பாலும் கிரிக்கெட் பஞ்சாயத்துதான். நானும் இன்னும் மூன்று பேரும் மட்டும் ஜன்னலோரமாக ஒதுங்கி கால்பந்து பேசுவோம். சிறுபான்மையினர்! 2014-ல் சென்னையின் எஃப்.சி. ஆரம்பித்த நாளிலிருந்து நான் அந்த டீமின் ரசிகன். ஆபீஸ் முடிந்து பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து, மேட்ச் பார்த்து, கடைசி வண்டியைப் பிடித்து நடுராத்திரியில் வீடு சேருகிற ஜாதி. "மாப்பிள்ளைக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது" என்று மாமனார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இது கெட்ட பழக்கம்தான் என்பது அவர் மகளுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு டீமைப் பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடித்த ஞானம் ஒன்று உண்டு. மேட்சை ஆடுவது பதினோரு பேர். சீசனை ஜெயிப்பது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீசையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் செக்‌ஷனில் பில் பாஸ் பண்ணுகிற வித்தை ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலை கிளம்பினால் அவருக்கு மட்டுமா விரதம்? எங்களிடம் பணம் வாங்கவேண்டிய அத்தனை பார்ட்டிக்கும் விரதம்! வீட்டிலும் இதே கதைதான். போன வருஷம் அம்மணிக்கு மூன்று நாள் ஜுரம். அப்போதுதான் எங்கள் குடும்பத்தில் ரிசர்வ் ஆட்டக்காரரே கிடையாது என்பது அம்பலமானது. நான் வெந்நீர் வைப்பதில் மட்டுமே தேர்ச்சி பெற்றவன். அதிலும் ஒரு முறை பாத்திரம் கருகிவிட்டது.

சென்னையின் டீமின் கதையைப் பாருங்கள். 2015-ல் கடைசி 4 லீக் ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். ஊரே மிதந்தது. ஸ்டேடியத்தில் ஆட முடியாமல் நம்முடைய 'சொந்த மைதான' ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் கோவாவில். 2-1 என்று பின்தங்கிக் கிடந்தவர்கள் 90-வது நிமிஷத்துக்கு மேல் இரண்டு கோல் வாங்கிக் கப்பைத் தூக்கினார்கள். கடைசி கோல் மெண்டோசா. வெள்ளத்தில் நனைந்த மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தோம். நான் துள்ளிக் குதித்த வேகத்தில் கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் மழை வந்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு வந்தார்.

2018 மார்ச்சில் மறுபடியும் கப். பெங்களூரில், பெங்களூர் டீமையே 3-2 என்று சாய்த்தார்கள். கார்னரிலிருந்து வந்த பந்தை மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல். அதற்கு முந்தின அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜே இரண்டு, நம்ம வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் ஒன்று. எங்கள் மூன்றாவது பெட்டியில் அன்றைக்கு நான்தான் ராஜா. கிரிக்கெட்காரர்களே எழுந்து சீட் கொடுத்தார்கள்.

அடுத்த சீசன்? அதே கோச் ஜான் கிரிகரி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி. 13 தோல்வி. மொத்தம் 9 பாயிண்ட். பத்து டீமில் பத்தாவது! சாம்பியன் டீம் ஒரே வருஷத்தில் கடைசி பெஞ்ச்!

ஏன் என்று ஒரே ஒரு காரணத்தைச் சொல்ல முடியாதுதான். ஆனால், தடுப்பாட்டத்தைத் தூண் மாதிரி தாங்கிய கேப்டன் செரீனோ போய்விட்டார். நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிய தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார். ஜெஜேயின் கால் பழைய கால் இல்லை. அடுத்த சீசன் முழுவதையும் அவரும் முழங்காலுக்கே பறிகொடுத்தார். மூன்று தூண் ஆடினால் கூரை என்ன செய்யும்?

இதில் நம் ஊர் லீகுக்கே உரிய ஒரு கணக்கும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு டீம் மைதானத்தில் 6 வெளிநாட்டுக்காரர்களை இறக்கலாம். 2017-ல் அது 5 ஆனது. 2021-ல் 4. அதாவது பதினொன்றில் ஏழு பேர் நம் பையன்கள். எனவே, வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பெயரை வாங்கிவந்து சுவரொட்டி ஒட்டினால் போதாது. அந்த ஏழு பேருக்கும் மாற்றாக இன்னொரு ஏழு பேர் தயாராக இருக்கவேண்டும். காசு அங்கேதான் செலவாக வேண்டும். ஆனால் ரிசர்வ் ரைட்-பேக்கின் படத்தைப் போட்டு எவன் சுவரொட்டி ஒட்டுவான்?

அதேசமயம், ஆள் இருந்தும் பொருத்தத் தெரியாவிட்டால் கஷ்டம்தான். 2019-20 சீசனில் முதல் 4 ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. கிரிகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். ஆனால் யாரை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் மாறியது. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். டீம் இறுதி ஆட்டம் வரை போனது. கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில், 2020 மார்ச்சில், 3-1 என்று தோற்றோம். அடுத்த சீசனில் கிரிவெல்லாரோவுக்குக் கணுக்காலில் அடி. பந்தைத் திறந்துகொடுக்க அவரை மாதிரி இன்னொருவர் இல்லை. 20 ஆட்டத்தில் 11 டிரா! கால்பந்தில் டிரா என்பது ஆபீசில் 'பார்க்கலாம்' என்று மேனேஜர் சொல்கிற மாதிரி. நடக்கவும் நடக்காது, இல்லை என்றும் சொல்லமாட்டார்கள்.

இப்படியாக, கோச்சுகளுக்கெல்லாம் கோச்சாக, எலெக்ட்ரிக் ட்ரெயினில் நான் வாழ்ந்துவந்தேன். "அவனுக்கு என்ன பெரிய அடி? ஒரு ஸ்ப்ரே அடிச்சு இறக்கிவிட வேண்டியதுதானே! எல்லாம் நடிப்புய்யா!" என்று எத்தனையோ முறை கர்ஜித்திருக்கிறேன்.

அந்த வாய்க்கு ஒருநாள் பூட்டு விழுந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

* * *

எங்கள் தெருவில் ஒரு டீம் உண்டு. செவன்ஸ் டீம். ஏழு பேர் ஆடுவது. அதற்கு நான்தான் மேனேஜர், பொருளாளர், தண்ணீர் பாட்டில் தூக்குபவர், எட்டாவது ஆட்டக்காரர். ஆமாம், மொத்தமே எட்டுப் பேர். பெஞ்ச் ஸ்ட்ரெங்த் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த என் டீமின் மொத்த பெஞ்சும் நான்தான். வயிறு முன்னே ஓடும், நான் பின்னே ஓடுவேன்.

டீமின் உயிர் எங்கள் ஏழாம் நம்பர். பெயர் வேண்டாம், ஏழாம் நம்பர் என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தோரு வயசுப் பையன். அப்பா இல்லை. அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறவர். பையன் விடியற்காலை கொளவாய் ஏரிக் கரையில் ஓடுவான். கால்பந்துக்காக அல்ல, போலீஸ் வேலைக்கு. எழுத்துத் தேர்வு தாண்டினால் உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும், கயிறு ஏறவேண்டும், தாண்டவேண்டும். "ஏழு நிமிஷம் எதுக்குண்ணா, எனக்கு அஞ்சரை போதும்" என்பான். திமிர் இல்லை, உண்மை.

2022 மே மாசம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு செவன்ஸ் போட்டி. சவுக்குத் தோப்பை ஒட்டிய பொட்டல். சவுக்குக் கழியிலேயே கோல் போஸ்ட். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். திருக்கழுக்குன்றத்து மலையைப் பார்த்ததும் எங்கள் கோல்கீப்பர், "இங்க தினம் மதியானம் ரெண்டு கழுகு வந்து சாப்பிட்டுப் போகுமாமே, இப்ப வர்றதே இல்லையாமே, ஏண்ணா?" என்றான். நான் சொன்னேன்: "ரெண்டே ரெண்டு கழுகை வச்சு எத்தினி வருஷம்டா ஓட்டறது? ரிசர்வ்ல ஒரு கழுகு வச்சிருந்திருக்கணும்!" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு!

முதல் இரண்டு ஆட்டம் சுலபமாக முடிந்தது. அரையிறுதி கடைசி நிமிஷத்தில் ஏழாம் நம்பர் பந்தைத் தட்டிவிட்டு இறங்கும்போது கால் சரியாக ஊன்றவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்து ஜெயித்துவிட்டோம். முட்டி லேசாக உப்பியிருந்தது.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்லண்ணா. லேசா நழுவுற மாதிரி இருக்குது."

இந்த 'நழுவுற மாதிரி' என்ற வார்த்தையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இறுதி ஆட்டம் அதே சாயங்காலம். எதிரணி பக்கத்துக் குப்பத்துப் பையன்கள். பதினைந்து பேர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு வாங்கினால் ஒருத்தன் வெளியே, ஒருத்தன் உள்ளே. எங்கள் பக்கம் ஏழாம் நம்பரை உட்காரவைத்தால் நான் இறங்கவேண்டும். அதாவது, தோற்கவேண்டும்.

அப்போது நான் ஒரு பிரசங்கம் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"டேய், ஜர்னைல் சிங் தெரியுமா உனக்கு? 1962. ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ். தாய்லாந்துக்கு எதிரா ஆடும்போது மண்டை உடைஞ்சு தையல் போட்டாங்க. அவர் டிஃபெண்டர். கோச் ரஹீம் சாகிப் என்ன பண்ணாரு தெரியுமா? அரையிறுதியிலயும் ஃபைனல்லயும் அவரை ஃபார்வர்டா இறக்கினாரு. மண்டையில கட்டோட ஃபைனல்ல கோல் போட்டாரு! தென் கொரியாவை 2-1-னு அடிச்சு தங்கம் வாங்கினோம். அந்த ரத்தம்டா உன் உடம்புல!"

பையன் கண்ணில் பளபளப்பு வந்தது. முட்டியில் கிரேப் பாண்டேஜ் இறுக்கினோம். ஸ்ப்ரே அடித்தோம். யாரோ ஒருவரின் ஸ்டட் பூட்ஸைக் கடன் வாங்கிப் போட்டான்.

இரண்டாம் பாதி. பந்தோடு ஓடிவந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. இதை அடித்துச் சொல்கிறேன், ஒருத்தரும் தொடவில்லை. சட்டென்று உடம்பைத் திருப்பினான். பாதம் புல்லில் மாட்டி அங்கேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. 'பட்'டென்று ஒரு சத்தம். கரையில் நின்ற எனக்கே கேட்டது.

பையன் கத்தவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

* * *

முதலில் சுளுக்கு எடுக்கிற தாத்தாவிடம் போனோம். பிறகு கட்டு கட்டுகிறவரிடம். மூன்றாவதாகத்தான் எலும்பு டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு காகிதத்தில் முழங்காலை வரைந்து காட்டினார்.

"தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு மாதிரி ஒன்று இருக்கிறது. ஏ.சி.எல். என்போம். ஓடும்போது சட்டென்று நிற்பது, திரும்புவது, தாண்டி இறங்குவது இதிலெல்லாம் முட்டி முன்னால் நழுவாமல் காப்பது அதுதான். அது அறுந்திருக்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயேதான் அறும். முதல் அடியிலேயே கொஞ்சம் கிழிந்திருக்கலாம். 'நழுவுற மாதிரி இருக்கு' என்று சொன்னானா?"

நான் தலையாட்டினேன்.

"அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. ஸ்ப்ரே அடித்து மணியின் நாக்கைக் கட்டிவிட்டீர்கள்."

முழுதாக அறுந்தால் அது தானாகப் பழையபடி ஒட்டிக்கொள்ளுமென்று நம்பி மறுபடி பந்து ஆட முடியாதாம். அதே ஆளின் உடம்பிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாகக் கட்டவேண்டும். பிறகு மாசக்கணக்கில் பயிற்சி. மறுபடி ஆட ஒன்பது மாசமாவது ஆகும். அவசரப்பட்டால் புதுக் கயிறும் அறும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மணி ஒரு வார்த்தை திட்டவில்லை. "பி.எஃப். லோன் போடுங்க" என்றாள். பீரோ வாங்க எடுத்துவைத்த பணமும் அதோடு போனது. டீமில் மற்றவர்களும் முடிந்ததைக் கொடுத்தார்கள். ஜூலையில் ஆபரேஷன் நடந்தது.

அதற்கு முந்தின நாள் அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கலாமென்று நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தம்மா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, அவனை உக்கார வச்சிட்டு ஆறு பேராவே ஆடியிருக்கலாமே?"

கோபமே இல்லாத குரல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. என் நாலு வாக்கியமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆடியிருக்கலாம். தோற்றுமிருக்கலாம். அந்தக் கப்பின் விலை எவ்வளவு என்று பிற்பாடு கடையில் விசாரித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

* * *

அதற்கப்புறம்தான் நான் 1962-ஐ ஒழுங்காகப் படித்தேன். பிரசங்கத்தில் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் போட்டியில் நம் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் வளர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். ஆசியாவிலேயே பெயர் வாங்கிய கீப்பர். அவருக்குக் காய்ச்சல். ரஹீம் சாகிப் என்ன செய்தார்? 'உன் உடம்பில் ஓடுவது என்ன ரத்தம்' என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பிரத்யுத் பர்மன் என்ற இன்னொரு கீப்பரை இறக்கினார். அவர் ஆடி டீமைக் கரை சேர்த்தார். தங்கராஜ் தேறி, இறுதி ஆட்டத்துக்குத் திரும்பினார். தங்கம் வந்தது.

ஜர்னைல் சிங்கின் தலைக் கட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பர்மனை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. அதுவும் போக, தையல் போட்ட தலை வேறு, நழுவுகிற முட்டி வேறு. அந்தத் தலையை வைத்தும் ரஹீம் அவரைப் பழைய இடத்தில் நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினார். நான் என் பையனை அதே இடத்தில், அதே ஓட்டத்துக்கு, இரவல் பூட்ஸோடு அனுப்பினேன்.

அதே 1962-ல், சிலியில் உலகக் கோப்பை. பிரேசிலின் பெலேவுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே தொடையில் அடி. அப்போதெல்லாம் ஆள் மாற்றவே அனுமதி கிடையாது. உலகக் கோப்பையில் அது 1970-ல்தான் வந்தது. அதனால் பெலே அந்த ஆட்டம் முழுக்க நொண்டிக்கொண்டே நின்றார். அடுத்த ஆட்டத்தில் அமரில்டோ என்று ஒருவரை இறக்கினார்கள். அவர் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல், இறுதி ஆட்டத்தில் ஒரு கோல். பிரேசில் கப் வாங்கியது, உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பெஞ்சில் இருக்க! இன்றைக்கு ஒரு டீம் ஐந்து பேரை மாற்றலாம். 2020-ல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாகக் கொண்டுவந்து, 2022-ல் நிரந்தர விதியாக்கினார்கள். ஐந்து பேரை மாற்றலாம் என்று சட்டம் சொல்கிறது. ஐந்து பேர் வேண்டுமே!

* * *

ஆபரேஷன் ஆன அடுத்த மாசம், 2022 ஆகஸ்ட் 9. முஹர்ரம் லீவு. மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் கடைசி நாள். பையனுக்கு வீட்டிலேயே அடைந்துகிடந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். ஒரு கார் பிடித்து, ஊன்றுகோலோடு அவனைக் கூட்டிப்போனேன். உள்ளே போக டிக்கெட் இல்லை. கடற்கரைப் பக்கம் ஐந்து ரதத்துக்கு அருகே நிழலில் உட்கார்ந்து போனில் பார்த்தோம்.

இந்தப் போட்டியில் ஒரு டீமுக்கு நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாவது ஆள் ரிசர்வ். போட்டியை நடத்துகிற நாடு என்பதால் நமக்கு ஒன்றுக்கு மேல் டீம். முதல் டீமில் பெரிய பெயர்கள். இரண்டாவது டீமில் குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால், ரவுனக் என்று மீசை முளைக்காத பிள்ளைகள், கூட அதிபன். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். சாயங்காலம் முடிவு வந்தது. வெண்கலம் அந்த இரண்டாவது டீமுக்கு! முதல் டீம் நாலாவது இடம்.

பையன் போனையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணா, ரெண்டாவது டீமு ஜெயிச்சிருக்குது பாரேன்."

"ஆமாண்டா."

"நம்மகிட்ட ரெண்டாவது டீம் இல்ல. ரெண்டாவது ஆளே இல்ல."

நான் பதில் சொல்லவில்லை. எதிரே ரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டவர் பெயரில் இருக்கிற ரதத்தில் நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சேர்த்து ஒரே ரதம்தான். இருவருக்கும் மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்திருப்பார்களோ என்னவோ என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். "உங்க ஜோக்குக்கு நான் காலை ஒடச்சிக்கிட்டதே பரவால்லண்ணா" என்றான்.

போலீஸ் உடல்தகுதித் தேர்வு வந்தபோது டாக்டர் ஓடக்கூடாது என்றுவிட்டார். எழுத்துத் தேர்வில் பாஸ். கால் தயாராகவில்லை. ஐந்தரை நிமிஷத்தில் ஓடுகிறவன், மற்றவர்கள் ஏழு நிமிஷத்தில் ஓடுவதைப் பார்க்கக்கூடப் போகவில்லை. அந்த நாள் முழுக்க ஆபீசில் என் கை பில்லில் இருந்தது, மனசு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. இதை ஈடுசெய்ய பி.எஃப். லோன் கிடையாது.

* * *

இப்போது எங்கள் டீமில் பதினாறு பேர். கோச் யார் தெரியுமா? சாட்சாத் ஏழாம் நம்பர்தான். ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கோச் வேலை. மறுபடி ஓடுகிறான், ஆனால் இடது பக்கம் திரும்பும்போது ஒரு கணம் யோசிக்கிறான். அந்த ஒரு கணத்தை நான் மட்டும்தான் கவனிக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அவன் ஆட்சி ரொம்பக் கறார். ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று ஒரு பயிற்சி. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டி உள்ளே மடங்காமல் இறங்குவது. காசு செலவில்லை, கருவி வேண்டாம். இதை ஒழுங்காகச் செய்கிற டீம்களில் காயம் குறைகிறது என்று ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறார்கள். 'நழுவுற மாதிரி இருக்கு' என்று எவனாவது முனகினால் போதும், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. பர்மன் கதையை அவனே சின்னப் பையன்களுக்குச் சொல்கிறான், என்னைவிட நன்றாக. ரிசர்வில் இருப்பவனுக்கும் வாரம் பத்து நிமிஷமாவது ஆட்டம் உண்டு. "பெஞ்சுலயே வச்சிருந்தா துரு ஏறிடும்ணா. தேவைப்படற அன்னிக்கு எப்பிடி ஓடுவான்?" என்பான். இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பெரிய கிளப்புகள் வெளிநாட்டிலிருந்து கோச் வரவழைக்கின்றன.

மூன்றாவது பெட்டியில் நான் இன்னமும் தேர்வுக் குழு உறுப்பினர்தான். விலகவில்லை. பழக்கம் விடுமா? கோச்சைத் திட்டுகிறேன். வாங்காத ஆளுக்காக முதலாளியைத் திட்டுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. யாராவது, "அவனுக்கு இன்னாய்யா பெரிய அடி, எல்லாம் நடிப்பு" என்று ஆரம்பித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கொளவாய் ஏரி தாண்டும் வரை வாய் திறப்பதில்லை.

போன ஞாயிறு மாமல்லபுரம் பக்கம் ஒரு ஆட்டம். நானும் ஜெர்சியெல்லாம் மாட்டிக்கொண்டு, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். கோச் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். முட்டியைப் பார்த்தார். லிஸ்டைப் பார்த்தார்.

"அண்ணா, இந்த வாரம் நீங்க ரெஸ்ட்."

"போன வாரமும் ரெஸ்ட்தானேடா?"

"ஆமாண்ணா. நீங்கதான் நம்ம பெஞ்ச் ஸ்ட்ரெங்த்!"

மறுபேச்சு பேசாமல் போய் உட்கார்ந்தேன். கடல் காற்று ஜோராக வந்தது. பக்கத்தில் எட்டுப் பையன்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் எனக்கே இடம் போதவில்லை.

சந்தோஷமாக இருந்தது, சார்.